ரேஷன் கடைப் பூனை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'ரேஷன் கடைப் பூனை' 2019 ஜூன் முதல் வந்துகொண்டிருக்கும் இணையக் காமிக்ஸ். ஞாயிறு காலை ஏழு மணி, நான்கு கட்டங்கள். விருதுநகரில் என் வீட்டு மாடியறையில் தயாராகிறது. கதை, படம், வசனம், வண்ணம், கணக்கு வழக்கு, தபால் நிலையத்தில் பார்சலோடு நிற்பது எல்லாம் நான் ஒருத்திதான். ஒரே கேள்விக்கு முப்பதாவது முறை பதில் எழுதும்போது என் பதிலில் ஒரு சிடுசிடுப்பு வந்துவிடுகிறது. முப்பதாவதாகக் கேட்டவர் என்ன செய்வார் பாவம், அவருக்கு அது முதல் முறை. ஆகவே, மனநிலை நன்றாக இருந்த ஒரு விடுமுறை நாளில் எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதி வைத்துவிட்டேன்.

உங்களை அண்ணா என்று அழைப்பதா, அக்கா என்று அழைப்பதா?

அக்கா. கையெழுத்தில் வெறும் பூனை வால் மட்டும் இருப்பதால் பாதிப் பேர் 'சார்' என்று எழுதுகிறீர்கள், பரவாயில்லை. பகலில் ஒரு பருப்பு மில்லில் கணக்கு எழுதுகிறேன். அங்கே நான் காமிக்ஸ் வரைவது இரண்டு பேருக்குத்தான் தெரியும். அப்படியே இருக்கட்டும்.

பூனைக்கு ஏன் பாமாயில் என்று பெயர்?

ஆரஞ்சு கலந்த மஞ்சளாக இருக்கிறது, பாமாயில் பாக்கெட் வந்த அட்டைப்பெட்டியில் படுத்திருக்கிறது. வேறு பெயர் வைக்க முடியுமா?

எவ்வளவோ இடம் இருக்க, ரேஷன் கடையை ஏன் பிடித்தீர்கள்?

சிறுவயதில் எங்கள் வீட்டில் எனக்கு ஒதுக்கப்பட்ட வேலை வரிசையில் இடம் பிடிப்பது. கடை திறப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்ப் பையை வைத்துவிட வேண்டும். பை இல்லாதவர்கள் கல் வைப்பார்கள். ஒரு கல் ஒரு குடும்பம். யாருடைய கல் எது என்று எல்லாருக்கும் தெரியும். தெரியாத மாதிரி ஒருவர் தள்ளி வைப்பார், அதற்கொரு சண்டை நடக்கும். தெருவில் ஒருவரோடொருவர் பேசாத வீட்டுக்காரர்கள்கூட அங்கே முன்னும் பின்னுமாக நின்றாக வேண்டும். கதை எழுதுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

முதல் காமிக்ஸ் அந்தக் காட்சிதான். பைகளுக்கும் கற்களுக்கும் நடுவில் ஒரு பூனை வந்து உட்காருகிறது. அடுத்து வருகிறவர் அதற்குப் பின்னால் போய் நிற்கிறார்.

என்ன கருவிகள் பயன்படுத்துகிறீர்கள்?

தொடக்கத்தில் ஏ4 தாள், கறுப்பு ஜெல் பேனா, கைப்பேசிக் கேமரா. இப்போது திரையில்லாத பேனா டேப்லெட் ஒன்று, ஆறு வருடப் பழைய மடிக்கணினி ஒன்று, கிருதா என்ற மென்பொருள். கிருதா இலவசம், என் வேலைக்குப் போதும். எந்த டேப்லெட் வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு: இருப்பதிலேயே விலை குறைந்ததை வாங்குங்கள். கண் திரையிலும் கை மேசையிலும் இருப்பது முதல் இரண்டு வாரம் எரிச்சலாக இருக்கும். அதற்குப் பயந்து திரையுள்ள டேப்லெட்டுக்குக் கடன் வாங்காதீர்கள்.

கருவியைவிட முக்கியமான ஒன்றை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் 40 காமிக்ஸை இன்ஸ்டாகிராம் அளவான 1080 பிக்சல் அகலத்திலேயே வரைந்து, அதை மட்டுமே சேமித்து வைத்திருந்தேன். புத்தகம் போடலாம் என்று அச்சகத்துக்குக் கொண்டுபோனபோது அங்கே கணினியில் இருந்த பையன் ஒரு நொடியில் கணக்குப் போட்டுச் சொன்னான்: அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும், 1080 என்றால் ஒன்பது சென்டிமீட்டர் அகலம்தான் வரும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. நாற்பதையும் மறுபடி வரைந்தேன். இப்போது அங்குலத்துக்கு 600 புள்ளியில் வரைந்துவிட்டு, இணையத்துக்குச் சுருக்கிக்கொள்கிறேன்.

ஒரு காமிக்ஸுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

ஒன்பது மணி நேரம், அதில் பாதி வசனத்துக்கு. பழைய டெலிவரி சலான்களின் பின்புறம் எழுதி எழுதி அடிப்பேன். புதன் இரவு வசனம் முடிந்துவிட்டால் அந்த வாரம் நிம்மதி. வியாழன், வெள்ளி பென்சில், மை. சனிக்கிழமை வண்ணமும் எழுத்தும். புதன் இரவு முடியவில்லை என்றால் சனிக்கிழமை இரவு இரண்டு மணிக்கு என் வீட்டு மாடியில் விளக்கு எரியும்.

வசனங்களுக்கு எந்த எழுத்துருவைப் பயன்படுத்துகிறீர்கள்?

எழுத்துரு இல்லை, என் கையெழுத்து. இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன். எனக்குப் பிடித்த கேள்வி இது.

முதல் ஆறு மாதம் தட்டச்சுதான் செய்தேன். அப்போது நான் வைத்திருந்த வேறொரு மென்பொருளில் 'கொ' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் கழன்றுகொண்டு நிற்கும். இந்திய மொழிகளுக்கென்று உள்ளே எங்கோ ஒளித்து வைத்திருக்கும் அமைப்பைத் தேடிப்பிடித்து மாற்றிய பிறகு சரியானது. ஆனாலும் பலூனுக்குள் எழுத்து உட்காரவில்லை. மிதந்தது.

காரணம் தமிழ்ச் சொல்லின் நீளம். 'கிடைக்கவில்லையென்றால்' என்று காமிக்ஸில் வரிசையில் நிற்கும் பாட்டி சொல்கிறாள். பதினோரு எழுத்து, ஒரே சொல். ஆங்கிலத்தில் அதே வசனம் நாலைந்து குட்டிச் சொற்களாகப் பிரிந்து பலூனுக்குள் அடுக்கடுக்காக இறங்கிவிடும். தமிழில் பலூனை அகலமாக்க வேண்டும், அல்லது சொல்லை உடைக்க வேண்டும். அகலமாக்கினால் பூனை மறையும். உடைப்பதென்றால் கண்ட இடத்தில் உடைக்க முடியாது. 'கிடைக்கவி' என்று ஒரு வரி, 'ல்லையென்றால்' என்று அடுத்த வரி வந்தால் படிக்கிறவர் தடுக்கி விழுவார். புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கவே கூடாது. 'கிடைக்க', 'வில்லை', 'யென்றால்' என்று மூன்று வரியாக உடைத்தால் பாட்டி மூச்சு வாங்கிப் பேசுவதுபோலவே வந்துவிடும். கையால் எழுதும்போது நடுவரியைச் சற்று நெருக்கி, கடைசி வரியைச் சற்றுச் சிறிதாக்கி, பலூனின் வளைவுக்குள் அடக்கிவிடலாம்.

கத்துவதைக் காட்டுவது இன்னொரு சிக்கல். தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் இல்லை. அதனால் கோட்டின் தடிமனை வைத்துத்தான் குரலை ஏற்ற வேண்டும். கடையில் பொருளை எடைபோட்டுக் கொடுக்கும் கட்டுநர் மூட்டைக்குப் பின்னாலிருந்து கத்தும் 'அடுத்த ஆள்!' மட்டும் மார்க்கர் பேனாவின் தடிமனில் இருக்கும், கவனித்திருப்பீர்கள்.

கையெழுத்தால் ஒரு நஷ்டமும் உண்டு. பார்வையற்ற வாசகர் ஒருவர், திரையைப் படித்துச் சொல்லும் செயலியில் என் காமிக்ஸ் வெறும் 'படம்' என்று மட்டும் ஒலிப்பதாக எழுதியிருந்தார். கூசிப்போய்விட்டேன். அன்று முதல் ஒவ்வொரு காமிக்ஸின் கீழும் வசனத்தையும் காட்சியையும் தட்டச்சு செய்து போடுகிறேன். இப்போது அவர்தான் என் முதல் விமர்சகர். படத்தில் இருக்கும் நகைச்சுவை விவரிப்பில் வரவில்லை என்றால் திங்கட்கிழமை காலையிலேயே அஞ்சல் வந்துவிடும்.

வரிசைப் பாட்டி பேசும்போது மட்டும் சில எழுத்துகள் வேறு மாதிரி இருக்கின்றனவே, பிழையா?

பிழை இல்லை. பாட்டிக்கு எழுபத்தைந்து வயது. அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் 'லை', 'ணை' போன்றவற்றுக்கு முன்னால் இரட்டைச்சுழிக் கொம்பு கிடையாது. யானைத் துதிக்கை மாதிரி மேலே ஒரு வளைவு இருக்கும். 'றா', 'னா' போன்றவற்றில் காலைத் தனியாகப் போடாமல் எழுத்தோடு சேர்த்துச் சுழிப்பார்கள். பெரியார் 1935-இலேயே தன் 'குடி அரசு' பத்திரிகையில் இவற்றை மாற்றி அச்சிட்டார். தமிழ்நாடு அரசு ஏற்று ஆணை பிறப்பித்தது 1978-இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில். மாறியவை மொத்தம் 13 எழுத்துகள். அதற்கு முன் படித்தவர்கள் பலர் கடைசிவரை பழைய மாதிரியேதான் எழுதினார்கள். என் ஆச்சியின் மளிகைச் சிட்டையில் 'கடலை'யின் தலையில் அந்தத் துதிக்கை கட்டாயம் இருக்கும்.

கணினிக் குறியீட்டில் பழைய வடிவத்துக்கென்று தனி எண் கிடையாது. சாதாரண எழுத்துருவில் தட்டினால் புதிய வடிவம்தான் வரும். கையால் எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம். 'ஸ்பெல்லிங் மிஸ்டேக்' என்று இதுவரை எழுதிய வாசகர்களில் பெரும்பாலோர் கல்லூரி மாணவர்கள். பாட்டியிடம் பேசிப் பாருங்கள் என்றுதான் ஒவ்வொருவருக்கும் பதில் போடுகிறேன்.

சில வாரங்கள் வராமல் போகிறதே?

மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம். மில்லில் கணக்கு முடிக்கும் காலம். மற்ற வாரங்களில் வராவிட்டால் எனக்குக் காய்ச்சல்.

இதில் வருமானம் வருகிறதா? கேட்கலாமா?

தாராளமாகக் கேளுங்கள், கணக்கு எழுதுகிறவள்தானே. கடந்த நிதியாண்டில் 212 பேர் ஆண்டுச் சந்தா 500 ரூபாய் கட்டினார்கள், 1,06,000 ரூபாய். புத்தக விற்பனையில் நின்ற லாபம் 31,000. இணைய இடத்துக்கான வாடகை, பேனா முனைகள், புத்தகக் காட்சிக்குப் போய்வந்த செலவு எல்லாம் 21,000. மீதி 1,16,000. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 9,666 ரூபாய் சொச்சம். வேலையை விட்டுவிடலாமே என்பவர்களுக்கு இதுதான் பதில்.

சந்தாவை மாதத்துக்கொரு முறை வாங்காமல் ஆண்டுக்கொரு முறை வாங்குவது ஏன் என்று கேட்கிறார்கள். முன்பு மாதந்தோறும் வாசகர்களின் கார்டிலிருந்து தானாகவே பணம் எடுக்கும் ஒரு வெளிநாட்டுத் தளத்தில் இருந்தேன். 2021 அக்டோபர் 1 முதல் அப்படித் தானாகப் பணம் எடுக்கக் கூடுதல் சரிபார்ப்பு வேண்டும் என்ற ரிசர்வ் வங்கியின் விதி நடைமுறைக்கு வந்தது. வாடிக்கையாளரின் பாதுகாப்புக்கு நல்ல விதிதான். ஆனால் அந்தத் தளம் அதற்குத் தயாராக இருக்கவில்லை. ஒரே மாதத்தில் 96 சந்தாதாரர்கள் 41 ஆனார்கள். என் காமிக்ஸ் சலித்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, வெட்கத்தில் யாரிடமும் கேட்கவே இல்லை. மூன்று மாதம் கழித்துத்தான் ஒருவர், 'அக்கா, என் பணம் வருகிறதா? கணக்கில் கழியவே இல்லையே' என்று எழுதினார். விலகியவர்களில் பெரும்பாலோருக்குத் தாங்கள் விலகியதே தெரியாது. அதன்பிறகு யுபிஐ, ஆண்டுக்கு ஒரு முறை, நேராக என் கணக்குக்கு. ஒரு பெரிய தளம் சறுக்கினால் நானும் சேர்ந்து விழுகிற ஏற்பாடு இனி வேண்டாம்.

சந்தா கட்டினால் என்ன கிடைக்கும் என்றால், ஒன்றும் கிடைக்காது. எல்லாருக்கும் அதே காமிக்ஸ், அதே ஞாயிற்றுக்கிழமை. டிசம்பரில் ஒரு அஞ்சலட்டை மட்டும் வரும், பூனையைக் கையால் வரைந்து. 212 பூனை வரைவதற்குள் விரல் மரத்துவிடுகிறது.

பத்திரிகையிலோ பதிப்பகத்திலோ கொடுத்தால் இன்னும் நிறையப் பேர் படிப்பார்களே?

படிப்பார்கள். ஒரு நிறுவனம் கேட்டது, ஒப்பந்தமும் அனுப்பியது. 15,000 ரூபாய்க்கு, 'எல்லா ஊடகங்களிலும், உலகம் முழுவதும், நிரந்தரமாக' என்று இருந்தது. அதாவது பூனை அவர்களுடையது. நாளை அதைச் சோப்பு விளம்பரத்தில் குதிக்கவிட்டாலும் நான் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். 'நிரந்தரமாக' என்பதை எடுத்துவிட்டு மூன்று ஆண்டு, தமிழ் அச்சு மட்டும் என்று திருத்தி அனுப்பினேன். பதில் வரவில்லை.

என்னைப்போல் வரைகிறவர்கள் யாராவது படித்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சொந்தமாக வரைந்த படத்தின் உரிமை வரைந்த கணத்திலிருந்தே உங்களுடையது. பதிவு செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. உங்கள் வாழ்நாளுக்குப் பிறகும் 60 ஆண்டு அது நீடிக்கும். உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். இவை 19-ஆம் பிரிவில் இருக்கின்றன. வேறு எதையும் படிக்காவிட்டாலும் கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு பிரிவைப் படித்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் பகிரலாமா?

பகிருங்கள், அனுமதி கேட்க வேண்டாம். கீழே இருக்கும் பூனை வாலையும் தள முகவரியையும் மட்டும் வெட்டாதீர்கள். பல லட்சம் பேர் பின்தொடரும் ஒரு முகநூல் பக்கம், ரேஷன் கடைக் கருவியில் கைரேகை விழாத பாட்டியின் காமிக்ஸை வாலை வெட்டிவிட்டுத் தங்கள் பெயரைப் பொறித்து வெளியிட்டது. மறுவாரம் என் சித்தி அதை எனக்கே அனுப்பி, 'நீயும் இந்த மாதிரி வரையேன்' என்றார். இப்போது வாலைக் கீழே ஓரத்தில் போடாமல் காட்சிக்குள் எங்காவது சுருட்டி வைத்துவிடுகிறேன்: மூட்டைக்குப் பின்னால், தராசுக்கு அடியில். சில வாசகர்கள் அதைத் தேடுவதையே விளையாட்டாக்கிவிட்டார்கள்.

இணையத்தில் இலவசமாக இருக்கும்போது புத்தகத்தை யார் வாங்குவார்கள்?

இந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. 2012-இல் 'ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்' என்ற அமெரிக்க இணையக் காமிக்ஸ், இணையத்தில் சும்மா கிடைத்த பழைய பகுதிகளின் தீர்ந்துபோன புத்தகங்களை மறுபதிப்புச் செய்ய வாசகர்களிடம் கேட்டபோது, 12 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் எனக்குத் தைரியம் வந்தது. நான் அடித்தது 600 பிரதி. 15 பிரதி இன்னும் கட்டிலுக்கடியில் இருக்கிறது.

சிவகாசி பக்கத்தில் இருப்பது என் அதிர்ஷ்டம். முதல் தமிழ்க் காமிக்ஸ் ஆசை வந்ததே 1972-இல் அங்கே தொடங்கிய முத்து காமிக்ஸின் பழைய இதழ்கள் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்ததால்தான். என் புத்தகம் பதினாறு பக்க ஃபாரம் நான்கு, ஆக 64 பக்கம், உள்ளே கறுப்பு வெள்ளை, மேப்லித்தோ தாள், ரேப்பர் என்கிற மேலட்டை மட்டும் வண்ணம், சென்டர் பின். ரேப்பரில்தான் தகராறு. திரையில் தகதகவென்றிருந்த பாமாயில், மாதிரித் தாளில் வெளுத்துப்போய் நின்றது. நான்கு மைகளில் அந்த ஆரஞ்சு வராது என்று அச்சகத்துப் பெரியவர் சொன்னார். பிறகு கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, 'பூனையை விட்டுவிடு, பின்னால் இருக்கும் சுவரை நீலமாக்கு' என்றார். ஆக்கினேன். பூனை பளிச்சென்று வந்துவிட்டது.

தபால் செலவு தனி. முன்பு பதிவுப் புத்தக அஞ்சலில் மலிவாகப் போய்க்கொண்டிருந்தது. 2024 டிசம்பரில் அந்தச் சேவை நிறுத்தப்பட்டதால் இப்போது விரைவு அஞ்சல்தான். ஒரு பிரதியாக வாங்காமல் நண்பர்களோடு சேர்ந்து மூன்று நான்கு பிரதியாக வாங்கினால் உங்களுக்கு மிச்சம். ஜனவரியில் சென்னை நந்தனம் புத்தகக் காட்சியில் ஒரு நண்பரின் அரங்கிலும் கிடைக்கும்.

கதைக்கு யோசனை தரலாமா?

யோசனை வேண்டாம், தகவல் கொடுங்கள். 'பூனை பேசினால் எப்படி இருக்கும்' என்பது யோசனை. 'மழை நாளில் சாக்கு எடை கூடும்' என்பது தகவல். முப்பதாவது வாரக் காமிக்ஸில் இரும்புப் படிக்கற்கள் அடுக்கிய தராசு வரைந்திருந்தேன். ரேஷன் கடையில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர், 'அம்மா, எங்கள் கடையில் மின்னணுத் தராசு வந்து எவ்வளவு காலமாயிற்று, நீங்கள் கடைக்கே போவதில்லையா?' என்று கேட்டார். உண்மைதான், அட்டையை எடுத்துக்கொண்டு போவது என் தம்பி. அடுத்த மாதத்திலிருந்து நானே போகிறேன். கைரேகைக் கருவியில் விரலை வைக்கும் முன் பாட்டிகள் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொள்வது, விழாவிட்டால் தங்கள் விரலையே குற்றம் சொல்லிக்கொள்வது எல்லாம் வரிசையில் நின்று பார்த்த பிறகுதான் காமிக்ஸில் வந்தது.

செயற்கை நுண்ணறிவை வைத்து வரையலாமே, ஒன்பது மணி நேரம் மிச்சமாகுமே?

மிச்சமாகும் ஒன்பது மணி நேரத்தில் நான் என்ன செய்வது?

என் மகள் நன்றாக வரைகிறாள். என்ன படிக்க வைக்கலாம்?

ஓவியமே படிக்க வேண்டும் என்றால் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1850-இல் தொடங்கியது. நான் படித்தது பி.காம். படிப்பைப் பற்றி இவ்வளவுதான் சொல்ல முடியும். மற்றபடி, அவள் வரைந்ததை வருகிற விருந்தாளிக்கெல்லாம் எடுத்துக் காட்டாதீர்கள். எங்கள் அம்மா காட்டினார். மூன்று வருடம் நான் வரையவே இல்லை.

கதை எப்போது முடியும்? கன்னித்தீவு மாதிரி போய்க்கொண்டே இருக்குமா?

'தினத்தந்தி'யில் 1960 முதல் வரும் தொடரோடு ஒப்பிட்டதற்கு நன்றி. திட்டியதாகவும் எடுத்துக்கொள்ளலாம். இல்லை, முடியும். கடைசிக் காமிக்ஸை 2022-இலேயே வரைந்து பீரோவில் வைத்துவிட்டேன். எப்போது வெளியிடுவேன் என்று எனக்கே தெரியாது. நான்கு கட்டம், கடை திறந்திருக்கிறது, பூனையும் இருக்கிறது, எல்லாரும் பேசுகிறார்கள். துதிக்கை வைத்த எழுத்து மட்டும் ஒன்றுகூட இல்லை.